3,500 கிலோ இழுக்கும் வண்டியில் 3,400 கிலோ கேரவன் மாட்டலாமா?

2024 மார்ச் 9

மெல்பர்னில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: “என்னிடம் 2019ஆம் ஆண்டு ஃபோர்டு ரேஞ்சர் டபுள் கேப் இருக்கிறது, ஃபோர் வீல் டிரைவ், 3.2 லிட்டர் டீசல். 3,500 கிலோ இழுக்கும் என்று கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். 3,400 கிலோ கேரவன் ஒன்றுக்கு முன்பணம் கொடுக்கப் போகிறேன். இன்னும் 100 கிலோ மிச்சம் இருக்கிறதே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று விற்பவரும் கேட்கிறார். எஞ்சின் திணறுமா?”

எஞ்சின் திணறாது. 470 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை உள்ள எஞ்சினுக்கு அந்த எடை ஒரு பொருட்டல்ல. ஆனால் முன்பணத்தை இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். இந்த விஷயத்தில் முதலில் கேட்க வேண்டியது எஞ்சினைப் பற்றிய கேள்வி அல்ல.

3,500 என்பது ஒரு வரம்பு மட்டுமே. அதோடு இன்னும் மூன்று வரம்புகள் இருக்கின்றன. வண்டியும் அதில் ஏறியவர்களும் சாமான்களும், வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டும் குண்டான டோ பாலை அழுத்தும் எடையும் சேர்ந்து தாண்டக்கூடாத அளவை ஆஸ்திரேலியாவில் ஜி.வி.எம். என்கிறார்கள், உங்கள் ரேஞ்சருக்கு அது 3,200 கிலோ. வண்டியும் டிரெய்லரும் மொத்தமாகச் சேர்ந்து தாண்டக்கூடாத அளவு ஜி.சி.எம்.; அது 6,000 கிலோ. மூன்றாவது வரம்பு பின் ஆக்சிலுக்கு உரியது, 1,850 கிலோ. விளம்பரத்தில் 3,500 பெரிய எழுத்தில் வருகிறது, மற்றவற்றைக் கையேட்டின் உட்பக்கங்களில் தேட வேண்டியிருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். வெறும் வண்டி சுமார் 2,200 கிலோ. நீங்களும் மனைவியும் வளர்ந்த பிள்ளைகள் இருவரும் 280 கிலோ. முன்னால் புல் பார் 60, பின்னால் சாமான் தட்டை மூடும் கனோபி 100, அதற்குள் ஃபிரிட்ஜ், கருவிப்பெட்டி, அரிசி மூட்டை எல்லாம் சேர்த்து இன்னொரு 100. மொத்தம் 2,740. கேரவனின் 3,400 கிலோவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 340 கிலோ, டோ பாலில் இறங்கினால் வண்டியின் எடை 3,080 ஆகிறது, ஜி.வி.எம். வரம்புக்குள் 120 கிலோ மிச்சம் வைத்து நீங்கள் தப்பிவிடுகிறீர்கள். ஆனால் 2,740உம் 3,400உம் சேர்ந்தால் 6,140. ஜி.சி.எம். வரம்பை 140 கிலோ தாண்டிவிட்டீர்கள். இந்தக் குடும்பத்தோடும் இந்தச் சாமான்களோடும் உங்கள் வண்டி சட்டப்படி இழுக்கக்கூடியது 3,260 கிலோதான். அதுவும் மேல் எல்லை. நான் அதற்கும் நன்றாகக் கீழேதான் நிற்பேன், காரணத்தைப் பின்னால் எழுதுகிறேன்.

அதே நாள், இரவு

அடிலெய்டு வாசகர் ஒருவர், “வெறும் வண்டி 2,200 என்று எந்த எடையை எடுத்தீர்கள்?” என்று கேட்கிறார். சரியான கேள்வி. எரிபொருள் டாங்க் நிரம்பிய எடையைத்தான் எடுத்தேன். இங்கே வாகனங்களுக்கு ‘டேர்’ என்று குறிப்பிடுவது வெறும் 10 லிட்டர் எரிபொருளோடு உள்ள எடை. 80 லிட்டர் டாங்கில் மீதி 70 லிட்டர் டீசல் என்பது ஏறக்குறைய ஓர் ஆளின் எடை. கையேட்டில் ஓர் எண்ணைப் பார்த்துக் கணக்குப் போடுபவர்கள் அது எந்த எடை என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2024 மார்ச் 12

பிரிஸ்பேனில் இருந்து ஒருவர் சற்றுக் கோபமாகவே எழுதியிருக்கிறார். சஸ்பென்ஷனை மாற்றி ஜி.வி.எம். உயர்த்திக்கொண்டால் இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லையாம். ஜி.வி.எம். உயர்வது உண்மை, முறைப்படி சான்றிதழும் கிடைக்கிறது. ஆனால் ஜி.வி.எம். உயர்ந்தால் ஜி.சி.எம். தானாக உயர்ந்துவிடாது. ஜி.சி.எம். 6,000இலேயே நிற்கும்போது வண்டியில் கூடுதலாக ஏற்றுகிற ஒவ்வொரு கிலோவும் டிரெய்லரில் இருந்து ஒரு கிலோவைக் குறைக்கிறது. சம்பளம் உயர்ந்த அன்றே வாடகையும் உயர்ந்தது போல என்று அவருக்குப் பதில் எழுதினேன். அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை.

“லேண்ட் குரூசர் வாங்கிவிட்டால் கவலையில்லையே” என்பது இன்னொருவரின் கட்சி. லேண்ட் குரூசர் 300க்கு ஜி.சி.எம். 6,750, ஜி.வி.எம். 3,280. அங்கே நெருக்கடி வேறு பக்கத்தில் இருந்து வருகிறது. 3,500 கிலோ கேரவன் 350 கிலோவை டோ பாலில் இறக்கினால், அந்த 350உம் வண்டி சுமக்கும் சுமைக்கணக்கில்தான் சேரும். உயர்ந்த ரகங்களில் மொத்தச் சுமையே 700 கிலோவுக்குக் கீழேதான். மீதியில் குடும்பத்தையும் புல் பாரையும் இரண்டாவது பேட்டரியையும் அடக்குங்கள், பார்ப்போம். ரேஞ்சரில் ஜி.சி.எம். முதலில் முட்டுகிறது, குரூசரில் ஜி.வி.எம். முதலில் முட்டுகிறது. எந்த வண்டியாக இருந்தாலும் எது முதலில் முட்டும் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

2024 மார்ச் 17

பின் ஆக்சிலைப் பற்றி இன்று விரிவாக எழுதுகிறேன்.

டோ பால் பின் ஆக்சிலுக்கு நேர் மேலே இல்லை, அதற்குப் பின்னால் ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. ஆகவே அங்கே இறங்கும் எடை நெம்புகோலாக வேலை செய்கிறது. பின் சக்கரங்களை அழுத்துவதோடு முன் சக்கரங்களைத் தூக்கவும் செய்கிறது. ரேஞ்சரின் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 3.22 மீட்டர். டோ பால் பின் ஆக்சிலில் இருந்து 1.3 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டால், 350 கிலோ இறங்கும்போது முன் ஆக்சிலில் இருந்து சுமார் 140 கிலோ கழிகிறது, அது பின்னால் போய்ச் சேர்கிறது. பின் ஆக்சிலுக்கு 350 அல்ல, 490 கிலோ கூடுகிறது. அதற்கு மேல் கனோபி, அதற்கு மேல் ஃபிரிட்ஜ், எல்லாமே பின் ஆக்சிலின் தலையில்தான்.

இதனால்தான் வண்டியின் மூக்கு மேலே பார்க்கிறது. இரவில் எதிரே வருபவர்கள் விளக்கைத் தணிக்கச் சொல்லி மின்னுவார்கள். நாம் தணித்துத்தான் வைத்திருப்போம். பளிச்சென்று தெரிவது அது. அதைவிட முக்கியமானது ஸ்டீயரிங் இலேசாகிப் போவது. வளைவை எடுத்துத் தருவதும் பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு வேலையைச் செய்வதும் முன் சக்கரங்கள்தான், அவற்றின் மேல் இருந்த பாரத்தைத்தான் நாம் கழித்துவிட்டோம்.

நான் இழுப்பது மிட்சுபிஷி பஜேரோவில், 2,400 கிலோ வரம்புள்ள கேரவன். பஜேரோவின் கையேட்டில் 3,000 கிலோ என்றுதான் இருக்கிறது. ஆனால் அதே பக்கத்தில் இன்னொரு வரி உண்டு: 2,500 கிலோ வரை டோ பாலில் 250 கிலோ இறங்கலாம், அதற்கு மேல் போனால் 180 கிலோதான் இறங்கலாம். 3,000 கிலோவுக்கு 180 என்றால் ஆறு சதவீதம். இந்த நாட்டில் செய்யப்படும் கேரவன்களில் அந்த விகிதத்தோடு நிதானமாக ஓடுபவை அபூர்வம். ஆகவே என் கணக்கில் பஜேரோ 2,500 கிலோ வண்டி. வாங்கும்போது விற்பனையாளரும் அந்த வரியைக் காட்டவில்லை, இணையத்தில் புகழ்ந்து எழுதியவர்களும் காட்டவில்லை.

2024 மார்ச் 18

டோ பாலில் இறங்கும் எடையை வீட்டிலேயே அளந்ததாகப் பெர்த் வாசகர் படம் அனுப்பியிருக்கிறார். முன்னால் உள்ள சிறிய ஜாக்கி சக்கரத்தின் கீழ்த் தராசை வைத்து, 390 கிலோ வந்துவிட்டதே என்று கலங்கியிருக்கிறார். கலங்க வேண்டாம். ஜாக்கி சக்கரம், டோ பாலைக் கவ்வும் கப்ளிங்குக்குப் பின்னால், கேரவனின் ஆக்சிலுக்கு நெருக்கமாக இருப்பதால் அங்கே எடை கூடுதலாகத்தான் காட்டும். கப்ளிங் ஆக்சிலில் இருந்து 4.5 மீட்டர், ஜாக்கி சக்கரம் 4 மீட்டர் என்றால், 390ஐ 4ஆல் பெருக்கி 4.5ஆல் வகுக்க வேண்டும். 347 கிலோ வருகிறது. தராசைக் கப்ளிங்குக்கு நேர் கீழே வைத்து, டோ பால் இருக்கும் அதே உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கேரவனைச் சமமட்டத்தில் வைத்து அளந்தால் இந்தக் கணக்கே வேண்டாம்.

2024 ஏப்ரல் 2

ஈஸ்டர் விடுமுறையில் கடற்கரைக்குப் போய்வந்த கையோடு ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். டிரெய்லர் வால் போல இடமும் வலமும் வீசத் தொடங்குவதைத்தான் சொல்கிறேன். டிரெய்லர் இழுப்பவர்களின் பயங்களில் நியாயமானது இது ஒன்றுதான்.

ஊரில் பார வண்டி ஏற்றுபவர்களுக்குத் தெரியும். பின்பாரம் ஆனால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு எழும்பும், முன்பாரம் ஆனால் மாடு நகராது. ஆகவே மூட்டைகளை அடுக்கும்போதே நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்துக்கொள்வார்கள். கேரவனுக்கும் அதுதான் கணக்கு, ஒரே ஒரு வேற்றுமையோடு: மாட்டுவண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போவதில்லை. அந்த வேகத்தில் பின்பாரமான கேரவன் ஒரு லாரி கடந்துபோகும் காற்றுக்கே ஆடத் தொடங்கும். வேகம் கூடக்கூட அந்த ஆட்டம் தானே அடங்குகிற தன்மை குறைந்துகொண்டே போகும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ஆட்டம் அடங்காது, வளரும். அந்த வேகம் எது என்பதை ஏற்றிய பாரமும் அது வைக்கப்பட்ட இடமும் தீர்மானிக்கின்றன.

பாரம் வைக்கும் இடம் என்பது முன்னா பின்னா என்பது மட்டும் அல்ல. முன்னால் 100 கிலோவும் பின்னால் 100 கிலோவும் வைத்தால் டோ பால் எடை ஏறக்குறைய சரியாக இருக்கும். ஆனால் இரு முனைகளிலும் இருக்கும் பாரம் ஒருமுறை வீசத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். கனமானவை ஆக்சிலுக்கு மேலே, தரையோடு ஒட்டி இருக்க வேண்டும்.

என் கேரவனின் பின் பம்பரில் சைக்கிள் மாட்டும் சட்டம் ஒன்று முதலாவது உரிமையாளர் பொருத்தியது இருந்தது. சட்டமும் இரண்டு சைக்கிளும் சேர்ந்து 40 கிலோ, ஆக்சிலில் இருந்து 3 மீட்டர் பின்னால். கப்ளிங் முன்னால் 4.5 மீட்டர். ஆகவே டோ பாலில் இருந்து 27 கிலோவை அது தூக்கிவிடுகிறது. எண் சிறியதுதான், ஆனால் சைக்கிள்களை மாட்டிய நாட்களில் நெடுஞ்சாலையில் லாரி கடக்கும்போது ஸ்டீயரிங்கில் ஒரு சிறு தயக்கம் தெரியும், மாட்டாத நாட்களில் தெரியாது. இப்போது சைக்கிள்கள் பஜேரோவின் கூரையில் பயணம் செய்கின்றன. சட்டத்தைக் கழற்றிப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் அதில் அவரைக்கொடி ஏற்றியிருக்கிறார்.

தண்ணீர்த் தொட்டிகளையும் பாருங்கள். ஒன்று ஆக்சிலுக்கு முன்னும் ஒன்று பின்னும் இருந்து, முன்தொட்டி முதலில் காலியானால், போகும்போது நிதானமாக இருந்த கேரவன் திரும்பும்போது வேறு கேரவனாக இருக்கும்.

ஆடத் தொடங்கிவிட்டால் என்ன செய்வது? ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுக்க வேண்டும், ஸ்டீயரிங்கை நேராகப் பிடிக்க வேண்டும், ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பித் திருப்பிச் சரிசெய்ய முயலக்கூடாது, வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிக்கக்கூடாது. டேஷ்போர்டில் உள்ள பிரேக் கன்ட்ரோலரின் கைப்பொத்தானை அழுத்தி டிரெய்லரின் பிரேக்கை மட்டும் போட வேண்டும். பின்னால் இருப்பது பின்னுக்கு இழுபட்டு நேராகும். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். காலியான வாகன நிறுத்தத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் அழுத்திப் பழகுவதில் வெட்கம் எதுவும் இல்லை.

2024 ஏப்ரல் 3

“ஆக்சிலரேட்டரை மிதித்தால் கேரவன் நேராகிவிடும், என் மாமா அப்படித்தான் செய்வார்” என்று எழுதியவருக்கு: மாமா தப்பித்திருக்கிறார், அவ்வளவுதான். இழுவிசை ஒரு கணம் நேராக்குவது போலத் தோன்றலாம், ஆனால் ஆட்டத்தை வளர்ப்பதே வேகம்தான். அடுத்த வீச்சு அதைவிட வேகமான வேகத்தில் வரும். மாமாவை இங்கே எழுதச் சொல்லுங்கள், சண்டையில்லாமல் பேசுவோம்.

லண்டன் வாசகர், பிரிட்டனில் டோ பாலில் இறங்க வேண்டியது கேரவன் எடையில் ஐந்து முதல் ஏழு சதவீதம் என்றுதான் சொல்கிறார்கள், நீங்கள் பத்து என்கிறீர்களே என்கிறார். அங்கே கேரவன்கள் சிறியவை, எடை குறைந்தவை, கனமானவற்றை நடுவில் குவித்துச் செய்யப்பட்டவை, நெடுஞ்சாலையில் கேரவன் இழுப்பவருக்கு மணிக்கு 60 மைல்தான் உச்சம். இங்கே முன்னால் இரண்டு எரிவாயு சிலிண்டர், பின்னால் இரண்டு உபரிச் சக்கரம், நடுவில் ஏழு மீட்டர் நீளம். அமெரிக்காவில் பத்து முதல் பதினைந்து என்பார்கள். சதவீதம் தனியாக நிற்கும் உண்மை அல்ல, அந்தந்த நாட்டுக் கேரவனோடும் வேகத்தோடும் சேர்ந்தது.

2024 ஏப்ரல் 20

பிரேக். ஆஸ்திரேலிய விதிகள் எளிமையானவை. ஆக்சில் மேல் இறங்கும் எடை 750 கிலோ வரை டிரெய்லருக்குப் பிரேக் தேவையில்லை. அதற்கு மேல் 2,000 வரை ஓர் ஆக்சிலின் இரு சக்கரங்களிலாவது வேண்டும். 2,000ஐத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் வேண்டும், ஓட்டுநர் இருக்கையில் இருந்தே இயக்க முடிய வேண்டும், டிரெய்லர் கழன்றுபோனால் பிரேக் தானாகப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் விடாமல் இருக்க வேண்டும். பாதுகாப்புச் சங்கிலி டிரெய்லரின் மொத்த வரம்பு 2,500 கிலோ வரை ஒன்று, அதற்கு மேல் 3,500 வரை இரண்டு. இரண்டையும் கப்ளிங்கின் கீழே குறுக்காக மாற்றி மாட்டினால், கப்ளிங் கழன்றாலும் அதன் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலிகளின் மேல் விழும்.

விதிகள் இவ்வளவுதான், ஆனால் பிரேக் பிடிக்கிறதா என்பது வேறு விஷயம். மின்சார பிரேக்கில் ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் ஒரு காந்தம் இருக்கிறது. மின்சாரம் பாய்ந்தால் அது சுழலும் டிரம்மோடு ஒட்டிக்கொண்டு இழுபட்டு, பிரேக் ஷூவை விரிக்கிறது. காந்தம் ஒன்றுக்குச் சுமார் 3 ஆம்பியர், நான்கு சக்கரத்துக்கு 12 ஆம்பியர். வண்டியின் முன்பக்கத்தில் இருந்து கேரவனின் ஆக்சில் வரை ஒல்லியான ஒயரில் அந்த 12 ஆம்பியரை அனுப்பினால் போய்ச்சேரும்போது வோல்டேஜ் பாதி வழியிலேயே இளைத்திருக்கும். என் கேரவனின் பிரேக் சோம்பலாக இருக்கிறது என்று எடுத்துப்போனபோது, பட்டறைக்காரர் டிரம்மைத் திறக்கும் முன் மல்டிமீட்டரை எடுத்தார். ஆக்சிலின் அருகே ஒயர் இணைப்பைச் சுற்றியிருந்த கறுப்பு டேப்பை உரித்தபோது செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. புதிய ஒயர், தடிப்பானது, நேராக இழுத்துவிட்டார். ஷூவை மாற்றவே இல்லை.

கன்ட்ரோலரைச் சரிசெய்யும் முறை: சமதரையில், ஆளில்லாத சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் டிரெய்லரின் பிரேக்கை மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளும் நிலைக்குச் சற்றே முன்னால் நிறுத்திவைக்க வேண்டும். பாரம் மாறினால் இந்த இடமும் மாறும். காலியான டிரெய்லருக்கு வைத்ததை நிறைந்த டிரெய்லருக்கு அப்படியே விடுவது பலர் செய்வது.

இறக்கத்தில் பிரேக்கை நம்பக்கூடாது, கியரை நம்ப வேண்டும். நாங்கள் கான்பெர்ராவில் இருந்து கடலுக்குப் போக வேண்டுமானால் பிரெய்ட்வுட்டைத் தாண்டி கிளைட் மலையில் இறங்கியாக வேண்டும். உச்சியிலேயே, சாலை இறங்கத் தொடங்கும் முன்பே, இரண்டாவது கியருக்கு வந்துவிட வேண்டும். பாதி வழியில் வேகம் பிடித்த பிறகு கியரைக் குறைக்கலாம் என்று நினைப்பவரின் டிரம்களில் இருந்து வரும் வாடை, பின்னால் வரும் எங்களுக்கு ஜன்னலைத் திறக்காமலே தெரியும். வேகம் 80இல் இருந்து 100 ஆனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் 56 சதவீதம் கூடுகிறது. அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாக எங்காவது போயாக வேண்டும்.

அந்த இறக்கத்தில் ஒரு வளைவில் பாறைக் குடைவு ஒன்றில் போகிறவர்கள் பொம்மைக் கரடிகளை வைத்துவிட்டுப் போவது வழக்கம், எங்கள் வீட்டுச் சின்னவளுக்கு அதில் ஒரு கரடியை வைக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. கேரவனோடு அங்கே நிறுத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கேரவன் இல்லாமல் ஒருநாள் போவோம்.

2024 மே 11

“ஃபோர் வீல் டிரைவ் என்பதால் பாதுகாப்பு கூடுகிறதா?” தார்ச்சாலையில் நேராக ஓடும்போது ஏறக்குறைய இல்லை. அந்த வகை வண்டிகள் கனமாகவும் உறுதியான சேஸியோடும் இருப்பதுதான் உதவுகிறது, நான்கு சக்கரமும் இயங்குவது அல்ல. ரேஞ்சர் போன்ற பகுதிநேர ஃபோர் வீல் வண்டிகளைக் காய்ந்த தார்ச்சாலையில் அந்த நிலையில் ஓட்டவே கூடாது. வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தொலைவு ஓட வேண்டியிருக்கும், அவற்றை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாததால் இயக்கத்தண்டுகள் முறுக்கேறும். லேண்ட் குரூசர் 300 எப்போதுமே நான்கு சக்கரத்திலும் ஓடுவது, நடுவில் டிஃபரன்ஷியல் உண்டு. பஜேரோவில் தேவையென்றால் தார்ச்சாலையிலும் நான்கு சக்கரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மழை நாளில் நனைந்த மலைச்சாலையில், மூக்கு இலேசாக இருக்கும்போது, ஏற்றத்தில் பின் சக்கரம் மட்டும் தள்ளாமல் முன் சக்கரமும் இழுப்பது எனக்குப் பிடிக்கும். ஆனால் அது ஏறுவதற்குத்தான், நிறுத்துவதற்கு அல்ல. எத்தனை சக்கரம் இயங்கினாலும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது.

படகுத்துறையில் கதை வேறு. ஜின்டபைன் ஏரியில் தண்ணீர் இறங்கியிருக்கும் காலத்தில் சரிவின் கீழ்ப்பகுதி வழுவழுப்பாக இருக்கும். பின் சக்கரம் பாசியில் நின்றுகொண்டு படகோடு மேலே ஏற முயலும்போது மெதுவாகவும் கூடுதல் விசையோடும் சக்கரத்தைச் சுழற்றும் லோ ரேஞ்ச் கியரைப் போட்டால் வண்டி அவசரமில்லாமல் நடந்து ஏறிவிடும். கைக்கியர் வண்டி வைத்திருப்பவர்கள் பின்னோக்கி ஏற்றத்தில் டிரெய்லரைத் தள்ளும்போது கிளட்சைக் கருக்காமல் இருக்கவும் அதுவே வழி. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துக்கொண்டு கான்கிரீட்டில் அதைச் செய்ய வேண்டாம், மேலே சொன்ன முறுக்கு அங்கேயும் உண்டு.

தண்ணீரில் இறக்கும் முன் டிரெய்லரின் விளக்கு இணைப்பைக் கழற்றுங்கள். நெடுந்தூரம் ஓடிய சக்கரங்களின் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். சூடான ஹப் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும், பேரிங்கின் கிரீஸ் பால்போல வெளுத்துப்போகும். ஒரு தேநீர் குடிக்கும் நேரம் காத்திருந்தால் போதும்.

2024 மே 12

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், மணலில் சிக்கிய வண்டியை டோ பாலில் ஸ்னாட்ச் பட்டையை மாட்டி இழுத்ததாகப் பெருமையாக எழுதியிருக்கிறார். இதில் நகைச்சுவைக்கு இடமில்லை. டோ பால் சீரான இழுப்புக்குச் செய்யப்பட்டது, ரப்பர் போல நீண்டு சுண்டும் பட்டையின் வெட்டுக்கு அல்ல. உடைந்த டோ பால் பட்டையோடு பறந்து கண்ணாடியைத் துளைத்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். மீட்புக்கென்று தரமதிப்பு பெற்ற கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். டோ பால் தண்டைக் கழற்றிவிட்டு அந்தச் சதுரக் குழாயில் பொருத்தும் மீட்புக் கட்டை கடையிலேயே கிடைக்கிறது.

2024 ஜூலை 27

மெல்பர்ன் வாசகர் 3,400 கிலோ கேரவனை விட்டுவிட்டு 2,990 கிலோ வரம்புள்ள ஒன்றை வாங்கியிருக்கிறார். எடைமேடைக்கும் போய்வந்திருக்கிறார். கப்ளிங் மாட்டிய நிலையில் வண்டியின் நான்கு சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றினால் 3,010. கேரவனின் சக்கரங்களை மட்டும் ஏற்றினால் 2,590. இரண்டும் சேர்ந்து 5,600. கேரவனைத் தனியாகக் கழற்றி முழுவதும் மேடையில் நிறுத்தினால் 2,860. 2,860இல் இருந்து 2,590ஐக் கழித்தால் டோ பாலில் இறங்குவது 270, அதாவது ஒன்பதரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. பின் ஆக்சிலை மட்டும் தனியாக நிறுத்தி அளந்ததில் 1,700. எல்லாமே வரம்புக்குள்.

முழுச் சாமானோடும், நிறைந்த தண்ணீரோடும், குடும்பத்தையும் உட்கார வைத்து அளந்திருக்கிறார் என்பதுதான் எனக்கு மகிழ்ச்சி. காலியாக எடைமேடைக்குப் போய்ச் சீட்டு வாங்கிப் பையில் வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். மகன் மட்டும் எடையைச் சொல்லக் கூச்சப்பட்டு மேடையில் ஏற மறுத்தானாம், பிறகு நால்வரும் ஒன்றாக உட்கார்ந்திருந்தால் தனித்தனியாகத் தெரியாது என்று சமாதானம் சொன்னாராம்.

2024 செப்டம்பர் 14

எடையைப் பரப்பும் ஹிட்ச் பற்றிப் பலர் கேட்டும் இதுவரை தள்ளிப்போட்டேன், ஏனென்றால் என் கருத்து மெல்ல மாறிக்கொண்டிருந்தது. இரு பக்கமும் எஃகுப் பட்டைகளை விறைப்பாக மாட்டி, பின் ஆக்சிலில் குவிந்த பாரத்தில் ஒரு பகுதியை முன் ஆக்சிலுக்கும் கேரவனின் ஆக்சிலுக்கும் திருப்பி அனுப்பும் அமைப்பு அது. முன்பு எனக்கு அது தேவையற்ற இரும்பு என்ற எண்ணம் இருந்தது. நண்பர் ஒருவரின் நீண்ட கேரவனை அதோடும் அது இல்லாமலும் ஒரே சாலையில் ஓட்டிப் பார்த்த பிறகு, முன் சக்கரத்தின் பிடி திரும்பி வருவது கையிலேயே தெரிந்தது.

ஆனாலும் இரண்டு எச்சரிக்கைகள். அது எந்த வரம்பையும் உயர்த்துவதில்லை. 350 கிலோ வரம்புள்ள டோ பாலில் 400 இறக்கிவிட்டு ஹிட்ச் பார்த்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. சில வண்டிகளுக்குத் தயாரிப்பாளர்களே அதைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறார்கள், கையேட்டைப் பாருங்கள். மேலும், ஆழமான பள்ளம் உள்ள மண்பாதையில் வண்டியும் கேரவனும் வெவ்வேறு கோணத்தில் மடியும்போது அந்தப் பட்டைகள் சேஸியை வளைக்கும் அளவுக்கு முறுக்கும். தார்ச்சாலை முடியும் இடத்தில் பட்டைகளைக் கழற்றிவிட வேண்டும்.

மூக்கு மேலே பார்க்கிறது என்பதற்காகப் பின்னால் காற்றுப்பையை ஊதி வண்டியைச் சமமாக்குவதும் இதுவும் ஒன்றல்ல. காற்றுப்பை பின்பக்கத்தை உயர்த்துகிறது, முன் ஆக்சிலுக்கு எடையைத் திருப்பித் தருவதில்லை. வண்டி படத்தில் மட்டும் சமமாகத் தெரியும்.

2024 அக்டோபர் 19

கோடை வருகிறது, டயர் கேள்விகளும் வருகின்றன. கேரவன் டயர் ஓடித் தேய்வதைவிட நின்று கெட்டுப்போவதுதான் அதிகம். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் ஆழமாக இருக்கிறது என்று பத்து வருட டயரை வைத்துக்கொண்டு 40 டிகிரி வெயிலில் ஓட வேண்டாம். காற்றைக் குளிர்ந்த நிலையில் அளந்து, கேரவனின் தகட்டில் போட்டிருக்கும் அளவுக்கு ஏற்றுங்கள். வண்டியின் பின் டயர்களுக்கும் பாரத்துக்கு ஏற்பக் கூட்டுங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மீண்டும் முறுக்கிப் பாருங்கள்.

இரண்டு சிறு கேள்விகளுக்குப் பதில். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து ஏழரை மீட்டர் அல்லது அதற்கு மேல் நீளமானால், ஊருக்கு வெளியே முன்னால் போகும் இன்னொரு நீண்ட வாகனத்தில் இருந்து 60 மீட்டர் தள்ளித்தான் போக வேண்டும். முந்தும்போதும் பல தடங்கள் உள்ள சாலையிலும் விலக்கு உண்டு. பிள்ளைகள் கேரவனுக்குள் படுத்துத் தூங்கிக்கொண்டு வரலாமா என்று கேட்ட தாய்க்கு: கூடாது, ஓடும் கேரவனுக்குள் யாரும் இருக்கக்கூடாது என்பது சட்டம்.

2024 அக்டோபர் 20

கழன்றால் தானாகப் பிடிக்கும் பிரேக்கை எப்படிச் சோதிப்பது என்று மெல்பர்ன் வாசகர் கேட்கிறார். சமதரையில் கேரவன் மாட்டியிருக்கும்போது வண்டியோடு உள்ள மின் இணைப்பை மட்டும் கழற்றிவிட்டு, கழன்றால் பிரேக்கை இயக்கும் ஸ்விட்சின் ஊசியைப் பிடுங்கி, வண்டியை மெதுவாக முன்னுக்கு நகர்த்திப் பாருங்கள். கேரவனின் சக்கரங்கள் உருளாமல் முரண்டு பிடிக்க வேண்டும். சோதித்ததும் ஊசியை உடனே திரும்பச் சொருகிவிடுங்கள், இல்லையென்றால் அதற்கென்று கேரவனில் உள்ள சிறிய பேட்டரி தீர்ந்துவிடும். முரண்டு பிடிக்காவிட்டால் முதலில் பார்க்க வேண்டியதும் அந்தப் பேட்டரியைத்தான்.